கதவைத் திறக்காத ஊர்

கண்டிக்குப் பக்கத்தில், திகன டவுனைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பும் பாதையில் உரல் குகை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் வளைந்து வளைந்து போகும் குகை. றிஸ்வி ஹாஜியார் தன் காணிக்குள் இருந்த அதற்கு லைட் போட்டு, கம்பித் தடுப்புக் கட்டி, டிக்கட் வைத்து ஆட்களை உள்ளே விட்டார். ஆரம்பத்திலிருந்தே அங்கே கைடாக இருந்தவன் சுதேஷ். அம்பிட்டியவில் மனைவி சஞ்சீவனியோடு வாடகை வீட்டில் இருந்தான். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் சரளமாகப் பேசுவான். எதில் பேசினாலும் கேட்பவரைக் கட்டிப்போட்டுவிடுவான்.

குகையின் கடைசி அறையில் கூட்டத்தை நிறுத்தி லைட்டை அணைப்பான். பாறைக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் விழுவது, உரலில் நெல் குத்துவது போலக் கேட்கும். அப்போதுதான் கதையை எடுப்பான். இந்த மலைக்குக் கீழே ஒரு ஊர் இருந்ததாம். அடைமழையில் ஒரு கிழவி வந்து, ஒதுங்க இடம் கேட்டு வீடு வீடாகத் தட்டினாளாம். ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. விடிவதற்குள் மலை சரிந்து ஊரை மூடிவிட்டது. உள்ளே இருக்கிறவர்கள், கிழவி திரும்பி வந்தால் சோறு போடலாம் என்று இன்னும் நெல் குத்திக்கொண்டே இருக்கிறார்களாம்.

சனங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். யாரோ ஒரு பையன் அதை வீடியோ எடுத்துப் போட, அதைப் பார்த்துவிட்டே பாதிப்பேர் வந்தார்கள்.

சுதேஷின் அக்கா நிரஞ்சனி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். நவம்பரில் பெய்த பெருமழையில் லயத்துக்கு மேலே இருந்த மலை அப்படியே வழுக்கி இறங்கியது. பாதை உடைந்து, போன் வேலை செய்யாமல், சுதேஷ் நடந்தே போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்புச் சேறுதான் இருந்தது. கையில் கிடைத்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஆட்களோடு தோண்டினான். அக்காவும் மச்சானும் மூத்த மகனும் பிணமாகக் கிடைத்தார்கள். சின்னவள் அபிஷா கிடைக்கவில்லை. மண் அள்ளும் பெக்கோ மெஷின் வந்தது. அது வேலை தொடங்கிய கையோடு மறுபடி மழை பிடித்தது. மேலே மண் இன்னும் அசைகிறது என்று சொல்லி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்க சேர். புள்ள அடுப்படிப் பக்கம்தான் இருந்திருக்கும்" என்று அங்கே நின்ற அதிகாரியிடம் கெஞ்சினான்.

அந்த மனிதர் சிங்களத்தில், தன்னால் இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது தம்பி என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

குகைக்குள் ஏறியிருந்த தண்ணீர் வடிந்து, தை பிறந்த பிறகு திறந்தார்கள். சுதேஷ் வேலைக்குத் திரும்பினான். முதல் நாளே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கடைசி அறையில் அவன் பேசாமல் நின்றதைப் பார்த்து, "தம்பி, அந்த ஊர் மூடின கதையைச் சொல்லுங்கோவன். அதைக் கேக்கத்தான் வந்தனாங்கள்" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். சுதேஷ் வாயைத் திறந்தான். கிழவி வந்தாள் என்பது வரைக்கும்தான் வந்தது.  லைட்டைப் போட்டு அவர்களை வெளியே கூட்டி வந்துவிட்டான்.

விஷயம் கேள்விப்பட்ட ஹாஜியார் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சுதேஷ், ஒங்கட மனசு எனக்கு வெளங்குது. சொல்ல ஏலாட்டி கதய மாத்துங்க. யாரு வந்து கேக்கப் போறது?"

மாற்றினான். ஊரார் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தான். கம்பளையிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "இல்ல அங்கிள், அவங்க கதவத் தொறக்காததால செத்துட்டாங்க. வீடியோல நீங்கதானே சொன்னீங்க" என்றது. கூட வந்த டீச்சரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு அவன் எந்தக் கதையும் சொல்லவில்லை. தண்ணீர், சுண்ணாம்பு, வவ்வால் என்று எதையாவது பேசிச் சமாளித்தான்.

மாசி மாதத்தில் ஒரு நாள், மண்சரிவில் வீடு இழந்து முகாமில் இருந்த சனங்களை ஆறுதலுக்காகச் சுற்றுலா கூட்டிப்போன ஒரு சங்கத்தின் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் பரிமளமும் இருந்தாள். நிரஞ்சனியின் பக்கத்து வீட்டுக்காரி. தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்ததால் பிழைத்தவள். புருசனும் மகளும் போய்விட்டார்கள். சுதேஷைக் கண்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தன் பக்கத்திலேயே வைத்து, மெதுவாக நடத்திக் கூட்டிப்போனான். கடைசி அறையில் லைட்டை அணைக்கவில்லை.

"பஸ்ல வர்றப்ப ஒன் வீடியோவப் போட்டாங்க தம்பி" என்றாள் பரிமளம்.

சுதேஷ் அவசரமாகச் சொன்னான். "அது சும்மா கதை அக்கா. பழைய ஆளுங்க கட்டிவிட்டது."

"அதுக்கில்ல."  கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள். "எங்க லயத்துக்கு யாருமே வந்து கதவத் தட்டலியே தம்பி. தட்டியிருந்தா தொறந்திருப்போமே. மழ சத்தத்துல கேக்காமப் போயிருக்குமோ?"

"ஐயோ அக்கா, அப்பிடியெல்லாம் இல்ல."

"நிரஞ்சனிக்குக் கேட்டிருந்தா அவ தொறந்திருப்பா. அவ அப்பிடிப்பட்டவ இல்ல."

 அந்தக் கதையை இத்தனை காலம் தன் வாயால்தான் சொல்லியிருக்கிறான். அதை இப்போது எப்படித் திருப்பி எடுப்பது? அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, நிழலில் உட்காரவைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். பாதி குடித்துவிட்டு, மற்றவர்கள் கூப்பிட பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக, "நல்லா சாப்புடு தம்பி, எளச்சுப் போயிட்ட" என்றாள்.

அன்றைக்கே ஹாஜியாரிடம் போய்த் தன்னை வெளி வேலைக்குப் போடச் சொல்லிக் கேட்டான். அந்த வீடியோவையும் எடுத்துவிடச் சொன்னான். வேலையை ஹாஜியார் மாற்றிக் கொடுத்தார். வீடியோவை எடுக்க முடியவில்லை. அதைப் போட்ட பையன் எங்கோ வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அதற்குள் பலபேர் அதை எடுத்துத் தங்கள் தங்கள் பக்கத்தில் போட்டுமிருந்தார்கள்.

இப்போது சுதேஷ் வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் நிற்கிறான். லீவு நாளில் சஞ்சீவனியையும் கூட்டிக்கொண்டு லயம் இருந்த மலைக்குப் போகிறான். கயிறு கட்டியிருக்கும் இடத்துக்கு மேலே யாரையும் விடுவதில்லை. சேறு காய்ந்து, அதன்மேல் புல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ் பிடிக்க இறங்குகிறார்கள்.