கண்ணைத் திறங்க, சார்

மயக்க மருந்து டாக்டரம்மா அந்தக் காலத்தில் வேலைக்குப் புதுசு. பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்யும்போதெல்லாம் நோயாளியின் தலைமாட்டில் இருப்பது அவள்தான். ரத்தம் கொட்டாமல் இருக்க, மருந்து செலுத்தி பிரஷரை வேண்டுமென்றே இறக்கி வைப்பதுண்டு. அளவோடு இறக்கினால் வெட்டுகிற இடம் தெளிவாகத் தெரியும். அளவு மீறினால் கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் எட்டாது. பெரியவருக்கோ அளவு என்ற பேச்சே ஆகாது.

ஒரு தையல்காரரின் முதுகைத் திறந்தபோது, இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று பிடுங்கி எடுத்தார். இதற்குமேல் ஆபத்து என்றாள்.

"கத்தி என் கையில இருக்கு. நீ வாயை மூடிக்கிட்டு இறக்கு."

இறக்கினாள். தையல்காரர் விழித்ததும் விளக்கைப் போடச் சொன்னார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

விசாரணையில் பெரியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: பிரஷரெல்லாம் அந்தப் பெண்ணின் பொறுப்பு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று. அவளுக்கு வேலை போனது. ஊர் வாயில் அரைபட்டாள். வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடி தலைதூக்குவதற்குள் முடி பாதி நரைத்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பெரியவர் நோயாளியாக வந்து சேர்ந்தார். குனிந்து குனிந்து வெட்டிய முதுகு இப்போது அவரையே மடக்கிப் போட்டிருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனாள். அவர் முகம் பேயறைந்தது போலானது. பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"பிரஷரை எவ்வளவு இறக்கட்டும், சார்?"

"நீயே பார்த்து செய்யும்மா."

"அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கும் நீங்களே சொல்லுங்க."

இறக்கவே வேண்டாம் என்று முனகினார்.

மறுநாள் அவர் குப்புறக் கிடந்தார். மருந்து அவள் விரலடியில் இருந்தது. கொஞ்சம் கூடுதலாக விட்டால் போதும். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் தூங்குகிற ஆளுக்கு என்ன தெரியும்? அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே தேவையான அளவுக்கு மட்டும் இறக்கி, கடைசிவரை இமை கொட்டாமல் காவல் காத்தாள்.

ஆபரேஷன் முடிந்து அவரை மல்லாத்தினார்கள். இமைகள்மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விழிக்குமுன் எடுத்துவிடுவது வழக்கம். அவள் எடுக்கவில்லை. தலைமை நர்ஸ் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூலையில் துணி மடிக்கப் போய்விட்டாள்.

"எல்லாம் முடிஞ்சது. கண்ணைத் திறங்க, சார்."

அவர் தலை அங்குமிங்கும் உருண்டது. கை தூக்க வலுவில்லை. ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டாக இருக்கிறது என்று குழறினார். பிறகு அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அழுகை தேம்பலாகும்வரை நின்று கேட்டுவிட்டு, பிளாஸ்திரியை உரித்தாள்.

அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொன்னால் அன்று தையல்காரருக்கு இறக்கச் சொன்னது யார் என்பதும் சேர்ந்து வெளியே வரும்.

அந்த வாரமே டாக்டரம்மா தையல்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பார்வையில்லாத கண்களை அவள் பக்கம் திருப்பி, முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா அவசரப்பட்டு எடுத்தீங்க?" என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.