துண்டுக்குள் பேசிய விலை

எங்கள் அத்தைக்கு நல்லவர்களைக் கண்டால் ஆகாது. கெட்டவர்களோடு அவளுக்கு ஒரு தகராறும் இருந்ததில்லை. "அவன் இன்னா செய்வான்னு தெரியும், அதுக்குத் தக்கன நாம இருந்துக்கலாம்" என்பாள். யாராவது சிரித்த முகத்தோடு வந்து நாலு முருங்கைக்காய் சும்மா கொடுத்துவிட்டுப் போனால்தான் வீட்டில் பேஜார். காயை முகர்ந்து பார்ப்பாள். கொடுத்தவளுக்கு நம்மால் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். அதற்குள் குழம்பு கொதித்து இறங்கிவிடும். முதல் ஆளாகச் சாப்பிட உட்காருவதும் அவள்தான்.

அப்பா கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காவான இந்த அத்தை, என் அக்கா, நான். கணியம்பாடிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் தெரு. எங்களுக்கென்று நிலம் கிடையாது. ஆனால் ஏரிக்கு அப்பால் இருந்த கரம்பு முழுக்க ஆவாரஞ்செடி. அந்தக் காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் கொட்டகைகளில் தோலை ஊறவைத்துப் பதனிட ஆவாரம்பட்டைதான் வேண்டும். நாங்கள் செடியை வெட்டி, கட்டையால் தட்டிப் பட்டையை உரித்து, பாறையில் காயவைத்துக் கட்டுக் கட்டுவோம். அக்காவின் விரல்கள் எந்நேரமும் பழுப்பேறிக் கிடக்கும். மருதாணி வைத்தாலும் அதன்மேல் சிவப்புத் தெரியாது.

பட்டையை வாங்குகிறவர் ஒருவர்தான். ஊர்க்கோடியில் இருந்த பெரிய வீட்டுக்காரர். மாட்டுவண்டி அவரிடம் இருந்தது, தராசு அவரிடம் இருந்தது, ஆம்பூர் முதலாளிகளின் பழக்கமும் அவரிடம் இருந்தது. நாங்கள் கட்டுகளைத் தலையில் சுமந்துபோய் அவர் வாசலில் இறக்கிவிட்டு நிற்போம். அவர் ஒரு பட்டையை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். ஈரமாக இருக்கிறது என்பார், காய்ந்து பொடியாகிவிட்டது என்பார். இரண்டையும் ஒரே கட்டைப் பார்த்துச் சொன்ன நாளும் உண்டு. பிறகு தலையை ஆட்டி, "கட்டாது புள்ள, கட்டாது" என்பார்.

கட்டாது என்றால் அந்த விலைக்கு நமக்குச் சரிப்பட்டு வராது என்று பொருள். வியாபாரத்தில் இரண்டு தரப்பும் சொல்லக்கூடிய வார்த்தை. ஆனால் எங்கள் ஊரில் அது பெரிய வீட்டுக்காரர் வாயில் மட்டும் இருந்தது. நாங்கள் கட்டாது என்று சொன்னால் அந்தக் கட்டுகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அவரைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பொங்கலுக்கு எங்கள் தெருப் பெண்களுக்குப் புடவை கொடுப்பார். காய்ச்சல் என்று போனால் கஷாயம் கிடைக்கும். "நம்ம வூட்டுப் பொண்ணுங்க" என்றுதான் எங்களைச் சொல்லுவார். அந்த உறவுக்கு ஒரு வழக்கமும் இருந்தது. தெருவில் ஒரு பெண் கொஞ்சம் தலையெடுத்தால், அவரது வீட்டோடு வேலைக்குப் போய்விட வேண்டும். சாப்பாடு உண்டு, துணி உண்டு, கூலி கிடையாது. சொந்தத்துக்குள் கூலி ஏது? அந்த வருஷம் எங்கள் அக்காவின் முறை. "பொங்கல் கழிச்சி பெரியவள அனுப்பி வெச்சிடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா வாசல் வரைக்கும் அழாமல் வந்து, அடுப்படியில் அழுதாள். அத்தை அன்று சாயங்காலம்வரை ஒரே செடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மார்கழி மாதம் ஒரு மத்தியானம், ஆம்பூர் பாய் வந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆம்பூரில் ஒரு தோல் கொட்டகைக்குப் பட்டை சேர்த்துக் கொடுக்கிறவர். ஒற்றை மாட்டு வண்டியில் வந்து, பாறையில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் பட்டையைத் தானே குனிந்து எடுத்து ஒடித்துப் பார்த்தார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் சந்தேகப்பட இவ்வளவு போதாதா? கேட்காமலே வந்திருக்கிறார், வண்டியும் அவரே கொண்டுவந்திருக்கிறார், போதாக்குறைக்கு "நல்ல பட்டைம்மா இது" என்றும் சொல்லிவிட்டார்.

"நல்ல பட்டைன்னு இதுவரிக்கும் யாரும் சொன்னதில்ல. நீங்க எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பாய் தோளில் இருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து விலை சொல்லுவார்கள். ஒரு விரலுக்கு ஒரு அணா என்று கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. தோல் வியாபாரத்திலும் அதே வழக்கம்தான். பாய் துண்டைப் போட்டுக்கொண்டு சுற்றும் பார்த்தார்.

"வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?"

"இல்ல. வாயால சொல்லுங்க."

"வாயால சொன்னா காத்து கேக்கும்மா. காத்து நேரா பெரிய வூட்டுக்குப் போய்டும்."

"மூடி வெச்சிப் பேசற பேச்சு எதுவும் நல்ல பேச்சில்ல" என்றாள் அத்தை. ஆனால் அந்நிய ஆண்பிள்ளை கையை அவள் பிடிக்க முடியுமா, அம்மா பிடிக்க முடியுமா? வயசு வந்த அக்காவை அந்தப் பக்கம் நிற்கவே விடவில்லை. பாய் கடைசியில் என்னைக் காட்டி, "கொயந்த குடுக்கட்டும் கைய" என்றார்.

அத்தை என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "எத்தினி வெரலப் புடிக்கிறார்னு மனசுல வெச்சிக்க. எதுக்கும் ஜாக்கிரதையா இரு. ஒண்ணும் கொறையாம கைய வெளிய எடுத்துக்கினு வா."

கையில் எது குறையும் என்று அவள் சொல்லவில்லை. விரல்தான் குறையும் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டேன். உள்ளே இருந்த கை சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. அது என் மூன்று விரல்களைப் பிடித்தது. அவ்வளவுதான், எடுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று பயந்து, அந்தக் கையின் ஐந்து விரல்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாய் திடுக்கிட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூன்றைத் திரும்பப் பிடித்தார். நான் ஐந்தை விடவில்லை. சிரித்துக்கொண்டே நாலு விரலைப் பிடித்து மெல்ல அழுத்தினார். எனக்குக் கை வலித்தது. விட்டுவிட்டேன்.

"யா அல்லா! இந்தப் பொண்ண ஆம்பூருக்குக் கூட்டிம் போனா எங்க மொதலாளி கட தேறாது" என்றார்.

நான் அத்தையின் காதில் நாலு என்றேன். பெரிய வீட்டுக்காரர் கட்டுக்குக் கொடுத்துவந்தது இரண்டு அணா. அத்தையின் முகம் இன்னும் கோணிக்கொண்டது. "எவனாவது சும்மா ரெட்டிப்பா குடுப்பானா? இதுல இன்னாமோ இருக்குது" என்று அம்மாவிடம் முணுமுணுத்தாள். ஆனால் முன்பணம் வாங்கி, ஒவ்வொரு காசாகப் பாறையில் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு முடிந்துகொண்டாள். பாய் பாதிக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். நடந்து வந்தார். நான் பிறந்ததிலிருந்து அவரை அந்தத் தெருவில் பார்த்ததில்லை. அம்மா அவசரமாகக் கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டாள்.

"இன்னா வெலைக்குப் பேசினான் அந்த ஆம்பூர்க்காரன்?"

"துண்டுக்குள்ள பேசினது துண்டோட போச்சிங்க" என்றாள் அத்தை. மரியாதையாகத்தான் சொன்னாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தைக்கு உள்ள வியாதி அவருக்கும் தொற்றியிருந்தது. அவர் அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தார், பாறையில் மிச்சமிருந்த கட்டுகளைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். நாலு என்று யாராவது சொல்லியிருந்தால் நாலில் நின்றிருப்பார். யாரும் சொல்லாததால் அவருடைய மனசுக்குள் அது ஆறாகவும் ஏழாகவும் வளர்ந்துகொண்டிருந்தது போலும்.

"அஞ்சு தர்றேன். மிச்சத்த நம்ம வூட்டுக்கே கொண்டாந்துடுங்கம்மா" என்றார்.

அம்மா! எங்கள் அம்மாவை அவர் அதுவரை ஏ புள்ள என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர் எழுந்தார். போகிற போக்கில், உறவை மறக்காமல், "பொங்கல் கழிச்சி பெரியவள அனுப்பிடு" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கட்டாதுங்க" என்றாள்.

"அஞ்சு கட்டாதா?"

"பட்டைக்குக் கட்டுங்க. பொண்ணுக்குத்தான் கட்டாது."

அவர் கோபப்பட வாயெடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். ஏரிக்கரை மேல் வண்டிச் சத்தம் கேட்டது. யாருடைய வண்டியோ. அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அக்கா உள்ளே இருந்து ஓடிவந்து அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் என் கை செய்த வேலை என்று நம்பினேன்.

பிற்காலத்தில் மேடை போட்டு வியாபாரிகளைத் திட்டியவர்களையும் கேட்டிருக்கிறேன், வியாபாரிகளால்தான் நாடு தழைக்கிறது என்றவர்களையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேச்சுமே எனக்கு முழுசாக இறங்கவில்லை. எங்களை உறவு என்று சொன்னவர் அக்காவைக் கேட்டார். உறவே இல்லாதவர் பட்டையை மட்டும் கேட்டார். பாய் தர்மத்துக்காக நாலு கொடுக்கவில்லை, பட்டை இல்லாமல் அவர் கொட்டகையில் தோல் அழுகிவிடும் என்று கொடுத்தார். இருந்தாலும் எங்கள் அம்மாவுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வந்தது அவருடைய வண்டியால்தான். என்றைக்கு இதை யோசித்தாலும் எனக்குக் கொஞ்சம் கண் கலங்கும்.

தை, மாசி இரண்டு மாதமும் எங்களுக்கு யோகம். பெரிய வீட்டுக்காரர் கரும்பு அனுப்பினார். பாய் எனக்கென்று ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவந்தார். அத்தை ஒரு விள்ளலைப் பூனைக்குப் போட்டு, அது நடமாடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தந்தாள். எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருந்தது. ஒருவரை ஒருவர் கண்டால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வருத்தமாக இருந்தது. இவ்வளவு நல்லவர்கள் இரண்டு பேரும் தோஸ்த் ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏரிக்கரை அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அம்மன் கேட்டுவிட்டாள். பங்குனியில் ஒருநாள் உப்பு வாங்கச் சந்தைக்குப் போனேன். புளியமரத்தடியில் பெரிய வீட்டுக்காரரும் பாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையும் ஒரே துண்டுக்குள் இருந்தது. என்ன பேசினார்களோ, இருவரும் சிரித்தார்கள். பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய வீட்டுக்காரர் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். நான் உப்பை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தே, ரெண்டு பேரும் தோஸ்த் ஆயிட்டாங்க! ஒரே துண்டுல கைய வெச்சிக்கினு சிரிச்சாங்க!"

பட்டை தட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. அம்மா அத்தையைப் பார்த்தாள். பிறகு இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். யாரும் சந்தோஷப்படவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தை ஒரு கட்டுப் பட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். வேலூரைத் தாண்டி, பாலாற்று மணலைக் கடந்து, காட்பாடி ரயிலடிவரைக்கும் போகிறார்களாம். அங்கே பல ஊர் வியாபாரிகள் வருவார்களாம்.

"நல்லவங்களா இருப்பாங்களா அண்ணி?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லவன் எதுக்கு? இன்னொருத்தன் இருந்தா போதும்."

வாழ்நாளெல்லாம் அந்நியரைச் சந்தேகப்பட்ட அத்தை, அந்நியன் ஒருவனைத் தேடி அவ்வளவு தூரம் நடந்து போனாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. நான் வேண்டிக்கொண்டு இரண்டு நல்லவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அது பொறுக்கவில்லையே இவளுக்கு! பானையில் ஒளித்து வைத்திருந்த கடைசி பேடாவை எடுத்து, பூனைக்குப் போடாமல் நானே தின்றேன். அம்மா அன்றைக்கெல்லாம் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.