மணிக்குள் போன பூட்டு

உடையார்பாளையம் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓர் ஊரில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம். கோயிலுக்கு வெண்கல மணி வார்க்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஓட்டைச் சொம்பு, உடைந்த விளக்கு என்று உலைக்குக் கொண்டுவருகிறார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

குத்துவிளக்கின் தண்டோடு நிற்கும் ஓர் அக்கா கேட்கிறார்: "நீங்க என்ன போடுறீங்க?"

"நான் வெளியூருங்க. பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"அதனாலதான் கேக்குறேன். வெளியூர்க்காரங்களதும் கொஞ்சம் சேந்தாத்தான் சத்தம் ஊரு எல்லையத் தாண்டும்."

என்னிடம் பித்தளை என்று இருப்பது பயணப்பையின் பூட்டு மட்டும்தான். கழற்றிக் கொடுக்கிறேன். வார்ப்பவர் அதை உடைத்து, இரும்பையெல்லாம் தள்ளிவிட்டுப் பித்தளையை மட்டும் உலையில் போடுகிறார்.

உருகியதை அச்சில் ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு, நாளைக்குத்தான் அச்சை உடைப்பார்களாம். அதற்குள் பஸ் ஹாரன் அடிக்கிறது.

"மணி கட்டுற அன்னைக்கு வந்துடுங்க" என்கிறார் அக்கா, சொந்தக்காரர்களிடம் சொல்வதுபோல.

பூட்டில்லாத பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். சட்டைப்பையில் சாவி தட்டுப்படுகிறது. இனி அது எதையும் திறக்காது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்கிறேன்.