கண்டக்டரே, கோர்ட் ஸ்டாப்பிங்!

அடையாறில் ஒரு கல்யாண மண்டபம், தி. நகரில் ஒரு பாத்திரக் கடை, மயிலாப்பூரில் இரண்டு டிபன் கடைகள். எல்லாம் இந்த இரண்டு கைகளால் எழுப்பியவை. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். என் கையெழுத்தைப் பார்த்து பேங்க் கிளார்க் சிரிப்பார். சிரிக்கட்டுமே… கட்டடம் நிற்கிறதா இல்லையா?

ஆனால், நான் செய்ததிலேயே பெரிய வேலை ஒன்று உண்டு. அதற்கு மட்டும் போர்டு கிடையாது. போன புதன்கிழமை அது ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கு என் மண்டபத்தில் போலீஸ்காரர்களுக்கும் கோர்ட் ஊழியர்களுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு. மனநலம் சரியில்லாதவர்கள் கேஸில் மாட்டினால் எப்படி நடத்துவது என்று ஒரு டாக்டரம்மா பாடம் எடுத்தார். "பின்னாலேருந்து பிடிக்காதீங்க. எதிர்ல வந்து மெதுவா பேசுங்க. அவங்களுக்குப் பழக்கமான வார்த்தையில கூப்பிடுங்க." எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னே? எழுபதுகளிலேயே இந்தப் பாடத்தை நான் நடத்தியாயிற்றே — சைதாப்பேட்டையில், டீக்கடை பெஞ்சில்!

அப்போது கோர்ட்டுக்கு எதிரே என் டீக்கடை. தினமும் அங்கே வருபவர் அருளப்பன். பஸ் கண்டக்டராக இருந்தவர். மனம் கலங்கி வேலை போய்விட்டது. காக்கிச் சட்டையும் விசிலும் மட்டும் போகவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டீ குடித்துவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். நான் எதிரே போய், "கண்டக்டரே, ஸ்டாப்பிங் வந்துடுச்சு" என்பேன். உடனே எழுந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கிளம்பிவிடுவார்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்று விசில் கொடுத்துவிட்டார். டிரைவரும் பஸ்ஸை எடுத்துவிட்டார். வெற்றிலை வாங்க இறங்கிய நிஜக் கண்டக்டர், வாயைப் பிளந்துகொண்டு ரோட்டில் நின்றார்! தெருவே சிரித்தது. போலீஸ் மட்டும் சிரிக்கவில்லை. கேஸ்.

முதல் வாய்தாவில் கோர்ட் டவாலி ஏகாம்பரம் வாசலில் நின்று மூன்று முறை பெயரைக் கூவினார். வராந்தாவில் இருந்த அருளப்பன் அசையவில்லை. கான்ஸ்டபிள் பின்னாலிருந்து தோளைப் பிடித்தார். அவ்வளவுதான்… உதறிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை ஓடிவிட்டார். ஆஜராகவில்லை என்று எழுதியாயிற்று. அடுத்த முறையும் இப்படியே என்றால் வாரண்ட்.

அவருடைய அக்கா ரெஜினா, சாந்தோமில் டீச்சர். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "ஜெயில்ல போட்டா இவன் சோறு தின்ன மாட்டான், அண்ணாச்சி. செத்துடுவான்."

ஏகாம்பரத்தைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா அண்ணாச்சி, ஜட்ஜ் அய்யா எதிர்ல என்னைய பஸ் ஓட்ட சொல்றியா? வேலை பூடும்!"

"ரெண்டு தடவ உங்க ரூல்படி கூவும். மூணாவதுக்கு முன்னால கிட்டப் போயி நான் சொன்னதச் சொல்லும்."

"என் கொரலு மாதிரி இந்த ஜில்லாலயே கெடையாது. அதுக்கே எயுந்துக்காத ஆளு…"

"அந்தக் கொரலுதான்வே அவரைப் பயங்காட்டுது!"

மூன்று நாள் பயிற்சி. நான் அருளப்பனாக உட்காருவேன். ஏகாம்பரம் எதிரே வந்து, குனிந்து, மெல்லச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் மெல்லச் சொன்னதே தெருமுனைக்குக் கேட்டது. கான்ஸ்டபிளுக்கும் பயிற்சி உண்டு — கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதற்கு. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது!

வாய்தா நாள். ஏகாம்பரம் ஒரு முறை கூவினார். அசைவில்லை. இரண்டாவது முறை. ம்ஹூம். ரெஜினா டீச்சர் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் வராந்தாவுக்கு வந்து, எதிரே நின்று, குனிந்தார்.

"கண்டக்டரே… கோர்ட் ஸ்டாப்பிங் வந்துடுச்சு."

எழுந்தார்! "வழி விடுங்க, வழி விடுங்க" என்று வக்கீல்களை ஒதுக்கிக்கொண்டு நேரே கூண்டில் போய் நின்றார்.

மாஜிஸ்திரேட் பெயரைக் கேட்டார். அருளப்பன் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகக் காக்கிச் சட்டையைப் பார்த்தார். "டூட்டியில இருக்கீங்களா?" என்றார், மெதுவாக.

"இல்லீங்க அய்யா. ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சு."

வைத்தியம் பார்க்கச் சொல்லி, எச்சரித்து, அக்காவோடு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஏகாம்பரமே கடைக்கு ஓடி வருவார். "அண்ணாச்சி, இன்னிக்கி நம்ம கண்டக்டரு மாதிரியே ஒரு டைலரு வந்துகீறாரு. இன்னா சொல்லிக் கூப்புடலாம்?" டீக்கிளாஸைக் கழுவிக்கொண்டே கோர்ட்டுக்கு யோசனை சொன்ன நாட்கள் அவை… இன்று அருளப்பனும் இல்லை, ஏகாம்பரமும் இல்லை. சாட்சி நான் ஒருவன்தான்.

வகுப்பு முடிந்ததும் டாக்டரம்மா ஒரு கையேடு கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் நன்றி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இடம் கொடுத்ததற்கு என் மண்டபத்தின் பெயர் இருக்கிறது. பாடம் கொடுத்ததற்கு நான் இல்லை!

டாக்டரம்மா, அடுத்த முறை அச்சடிக்கும்போது ஏகாம்பரத்தின் பெயரைப் போடுங்கள். அதற்கு மேலே என் பெயரை, இன்ஷியலோடு. மேடையில் மூன்று முறை கூவ வேண்டாம்… ஒரே ஒரு முறை மெல்லக் கூப்பிட்டால் போதும், எழுந்து வந்துவிடுவேன்.