ஸ்டுடியோ கோட்டும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்ட ஒரு மதியத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வரிசைக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். லேத் பட்டறை. தார்ப்பாய் தைக்குமிடம். பேட்டரி சார்ஜ். மரப் பெட்டி மற்றும் பேலட். எல்லாவற்றிலும் ஒரு தொலைபேசி எண், சிலவற்றில் பிள்ளையார் அல்லது மாதா. இணையதள முகவரி ஒன்றில்கூட இல்லை.

இத்தனை பேருக்கும் இணையதளம் தேவை. தேவை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், இணையதளம் வடிவமைக்கத் தெரிந்த ஆள், பொறியியல் முடித்து எட்டு மாதமாக எந்தக் கம்பெனியும் கூப்பிடாத ஆள், இதோ பேருந்தில் உட்கார்ந்திருக்கிறான்!

அப்போதே இறங்கி எதிரே போயிருக்கலாம். இருபது அடி தூரம். அது எனக்குத் தோன்றவில்லை. ராயபுரம் வந்ததும் நேராக ப்ரவுசிங் சென்டருக்குப் போனேன்.

வேலையில் இருப்பவர்கள் படிப்பு, அனுபவம், புகைப்படம் எல்லாம் போட்டு ஒருவரையொருவர் இணைத்துக்கொள்ளும் தளம் ஒன்றுக்குக் கல்லூரி சீனியர் ஒருவர் பெங்களூரிலிருந்து அழைப்பு அனுப்பியிருந்தார். சிறுதொழில் முதலாளிகள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், நான் கை நீட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நம்பினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுபவர். கண்டெய்னர் யார்டு ஒன்றின் கேட்டில் நின்று பெட்டி நம்பர் எழுதும் வேலைக்கு ஏற்கெனவே யாரிடமோ சொல்லி வைத்திருந்தார்.

“ஈஸ்டர் வரிக்கும் டைம். அதுக்குள்ள ஒரு கஸ்டமரு. ஒரே ஒரு ஆளு. இல்லாங்காட்டி மறுநாள் காலைல யார்டு. பேச்சு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன்பா.”

தளத்தில் முதல் வேலை புகைப்படம். வெளிநாட்டு வலைப்பதிவுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லின: கோட்டு, டை, நம்பிக்கையான புன்னகை. சர்ச் பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு கோட்டு உண்டு. கருநீலம். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்குப் போகும். பெரிய மாப்பிள்ளை ஒருவருக்கு அளவெடுத்தது போல, அதனால் என் முதுகில் துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடித்தார் ஸ்டுடியோக்காரர். “மூஞ்ச தூக்கு மாமு. கண்ணாலம் பிடிக்காத மாதிரி நிக்காத.”

படத்துக்குக் கீழே ‘நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி’ என்று ஆங்கிலத்தில் போட்டேன். நிறுவனம் எங்கள் வீட்டு இரும்புக் கட்டிலில் இயங்கியது. ராயபுரம் என்று ஊர் போட்டால் ஒரு மாதிரி இருக்கும் என்று ‘கிரேட்டர் சென்னை’ ஆக்கினேன். பிறகு அதுவும் சின்னதாகத் தெரியவே ‘உலகளாவிய சேவை’ என்று சேர்த்தேன்.

ஆட்கள் சேர்ந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. நொய்டாவிலிருந்து ஒருவர், புனேயிலிருந்து ஒருவர், மணிலாவிலிருந்து மூன்று பேர். நான் ஒருவரைத் ‘தொலைநோக்குள்ள தலைவர்’ என்று பாராட்டி எழுதினேன். பத்தே நிமிடத்தில் அவரும் என்னை அப்படியே பாராட்டினார். பெயரை மட்டும் மாற்றியிருந்தார். நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா கேட்பார்: “இன்னாடா, எத்தினி பேரு?”

“முன்னூத்திப் பன்னெண்டு.”

“அதுல ஒருத்தனாவது உனக்கு ஒரு டீ வாங்கிக் குடுப்பானா?”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மீன் துண்டை என் தட்டில் நகர்த்துவார். நான் மறுநாள் சுயவிவரத்தை மேலும் செம்மைப்படுத்துவேன். தலைப்பை ஏழு முறை மாற்றினேன். ‘சிறுதொழில்’ என்ற சொல்லை எல்லாப் பத்தியிலும் தூவினேன். வாடிக்கையாளர் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பாதி போய்விட்டது.

கடைசியில் தளத்தின் தேடல் பெட்டியில் திருவொற்றியூர் என்று போட்டுப் பார்த்தேன். மரப் பெட்டி தயாரிப்பு என்று ஒரே ஒரு கணக்கு வந்தது. படம் இல்லை. என் வழக்கமான செய்தியை அனுப்பினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தின் உலகளாவிய வளர்ச்சிக்கு…’ என்று ஆரம்பிக்கும் அது.

நான்காம் நாள் கைபேசியில் ஒரு பெண் குரல். “இன்னா தம்பி, நீதான் கோட்டு போட்டுகினு ஃபோட்டோ வச்சிகீறவனா? பட்டறைக்கு வா. பேசணும்.”

போனேன். பேருந்திலிருந்து இறங்கிப் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மரப் பெட்டி மற்றும் பேலட். அன்று மதியம் நான் ஜன்னல் வழியாகப் படித்துக்கொண்டிருந்த அதே பலகை.

உள்ளே, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஓர் அக்கா, காதில் பென்சில் செருகி, பலகைகளை அளந்துகொண்டிருந்தார். நான்கு பேர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் தூக்குவதற்கான மரத் தட்டுகள்தான் பேலட். அவை சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்றன.

“நான் ஐயாவா?” என்றார் அக்கா எடுத்த எடுப்பில்.

“படம் இல்லாததால தெரியலக்கா.”

“படம் இல்லாட்டி ஆம்பளையா? சரி வுடு. என் பொண்ணுதான் காலேஜ் கம்ப்யூட்டர்ல அந்தக் கணக்க ஆரம்பிச்சிக் குடுத்தா. தெனம் எவனாவது ஒருத்தன் எழுதிகினேகீறான். ஒருத்தனுக்கும் பதில் போடல. உன்ன ஏன் கூப்ட்டேன் தெரியுமா?”

என் சுயவிவரத்தின் எந்த வரி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் முன்னால் நகர்ந்தேன்.

“அந்தக் கோட்டு. மூணாவது பட்டன் தங்கக் கலர்ல கீது பாரு, அத்த நான்தான் தச்சேன். என் தம்பி கண்ணாலத்துக்கு ராயபுரத்துல இதே கோட்டத்தான் வாடகைக்கு எடுத்தோம், அன்னிக்கி கோயில் வாசல்ல பட்டன் அறுந்து பூட்ச்சி. என் ஜாக்கெட்டுலருந்து பிச்சிப் போட்டேன். நீ கிரேட்டர் சென்னை, உலகம், இன்னான்னாவோ போட்டுகினுகீற. பட்டனப் பாத்ததும் தெரிஞ்சுது, ராயபுரத்துப் புள்ளன்னு.”

ஆணி அடிப்பவர்களில் ஒருவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “மாப்ள சரி. பொண்ணு எங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பல வாரங்கள் செதுக்கியதில் பலன் தந்தது, நான் மறைக்க நினைத்த ஊர் மட்டும்தான்.

இணையதளத்தின் அருமைகளை விளக்க ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். மணலியில் ஒரு கம்பெனிதான் அவரிடம் நிறைய வாங்கியதாம். இப்போது பிளாஸ்டிக் தட்டுக்கு மாறிவிட்டதாம்.

“உன் வலைல முன்னூறு பேரு கீறாங்களே. அதுல பேலட் வாங்குற கம்பெனி ஆளு எத்தினி?”

பக்கத்துத் தெரு ப்ரவுசிங் சென்டரில் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார, பட்டியலை ஒவ்வொரு பெயராகத் திறந்தேன். இணையதளம் வடிவமைப்பவர். இணையதள ஆலோசகர். வேலை தேடுபவர். இணையதளம் வடிவமைப்பவர். அறுபதாவது பெயரில் அக்கா கொட்டாவி விட்டார்.

“எல்லாருமே கடை போட்டவனுங்களா? வாங்க வந்தவன் ஒருத்தன்கூட இல்லியா? இன்னா சந்தப்பா இது, பேஜாரு.”

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் காதிலிருந்து பென்சிலையும் சட்டைப் பையிலிருந்து பழைய பில் புத்தகத்தையும் எடுத்து, பேலட் வாங்கும் தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களை எழுதித் தந்தார். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி.

“இந்தப் பக்கத்துல கொள்முதல் பண்றவன் யாருன்னு உன் மிஷின்ல தேடு. என்னிய பத்தி எழுது. பொய் எழுதாத, அஞ்சு பேரு வேல செய்ற எடத்த அம்பதுன்னு போடாத. புது கம்பெனிலருந்து ஒரே ஒரு போன் வரட்டும், வெப்சைட்ட உன்னாண்டயே செஞ்சிக்கிறேன். லேத்துக்காரருக்கும் சொல்றேன்.”

இன்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வரும் வழியில் அப்பா யார்டு வேலைக்குக் காக்கிச் சட்டைத் துணி எடுப்பது பற்றிப் பேசினார். ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்றேன். “இருக்கட்டும், துணி ஓடிடாது” என்றார்.

மதியம் உட்கார்ந்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் பெங்களூர் சீனியரைத் தவிர அனைவரையும் நீக்கினேன். தொலைநோக்குள்ள தலைவரும் போனார். ‘உலகளாவிய’வை எடுத்துவிட்டு ராயபுரம் என்று போட்டேன். கோட்டுப் படம் மட்டும் இருக்கிறது. அக்கா வேண்டாமென்று சொல்லும்வரை இருக்கட்டும்.

நாளைக் காலை நண்பனின் டிஜிட்டல் கேமராவோடு அந்தப் பலகைக்கு எதிரே இறங்கப் போகிறேன். காதில் பென்சிலோடு அக்காவை ஒரு படம், அடுக்கிய பேலட்டுகளை ஒரு படம். பிறகு ப்ரவுசிங் சென்டரில் கொள்முதல் அதிகாரிகள் பத்துப் பேரைக் கண்டுபிடித்து, பத்துப் பேருக்கும் தனித்தனியாகப் பத்துக் கடிதம். ஒவ்வொருவரும் ஐயாவா அம்மாவா என்று பார்த்துவிட்டு.