அக்கா தனக்காக வைத்துக்கொண்ட காலைப்பொழுது

யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்து ஒட்டுசுட்டானிலேயே தங்கிவிட்ட எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. பல வருடங்கள் கழித்து நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். சிறு வயதில் அக்கா எதையும் கேட்டுத் துளைத்தெடுப்பார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வாய்க்கால் கரையில் ஓர் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால், அது மறுபடி எட்டிப் பார்க்கும் வரை சோறு தண்ணீர் மறந்து குந்தியிருப்பாராம். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிடித்த பாடம் விஞ்ஞானம். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஐயா நோயில் விழுந்தார். அக்கா புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு வயலுக்கு இறங்கினார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

போரின் இறுதிக் காலத்தில் இடம் விட்டு இடம் ஓடியபோது ஐயாவை இழந்தோம். எறிகணை வீச்சில் அக்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இதற்கு மேல் அதை விரித்து எழுதுவதை அக்கா விரும்பமாட்டார். "அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பிறகு நடந்ததைச் சொல்லு" என்பார். ஆகவே பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்த எங்களுக்கு ஸ்கந்தபுரத்தில் உறவினர் ஒருவர் காணித்துண்டு தந்தார். தகரக் கொட்டில் ஒன்றில் அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். அக்காவுக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. விழுந்து எழும்பி நடக்கப் பழகினார். பயிற்சி பெற்று முன்பள்ளி ஆசிரியை ஆனார். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அம்மாவின் கடைசிக் காலம் வரை அவரைக் கையில் வைத்துத் தாங்கியவரும் அக்காதான்.

அந்தக் கொட்டிலில் எனக்கு ஒரு விஷயம் விளங்காமலே இருந்தது. விடியுமுன்னே யாரோ யாரையோ ஏசும் சத்தம் கேட்கும். "எழும்படி மூதேவி. நொண்டிக்கு இன்னும் என்ன படுக்கை?" என்று அடிக்குரலில் வரும். அம்மா என்னைத்தான் ஏசுகிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் கண் விழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அக்கா தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தார். விளக்குப் போடாமல் இருட்டுக்குள் தடவித் தடவிச் செயற்கைக் காலை எடுத்து, அவசரமாக மாட்டி, வாரை இறுக்கிய பிறகுதான் விளக்கைப் போட்டார்.

"ஏனக்கா, லைற்றைப் போட்டிட்டு மாட்டலாமே?"

"என்னத்தைப் பாக்கக் கிடக்கு? நீ படு."

அக்கா திருமணம் செய்தது இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஒருவரை. அத்தான் அதிகம் பேசமாட்டார், ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பவர். திருமணத்துக்குப் பிறகும் அக்காவின் விடியல் மாறவில்லை. அத்தான் கண் விழிக்கும்போது அக்கா கால் மாட்டி, முகம் கழுவி, குசினி அடுப்படியில் நிற்பார். நானும் கணவரும் பக்கத்து வளவில் வீடு கட்டி வந்த பிறகு ஒருமுறை அத்தான் என்னிடம் மெல்லச் சொன்னார். "கலியாணம் கட்டி இவ்வளவு காலம், தங்கச்சி. உங்கட அக்கா கால் கழட்டி நான் கண்டதில்லை. கேக்கவும் பயமாக் கிடக்கு."

ஒரு மாரி காலத்தில் கிணற்றடியில் அக்கா சறுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். சேற்றில் இருந்தபடி, "கண் தெரியாத மூதேவி, ஒழுங்கா நடக்கவும் வக்கில்லை" என்று தன்னை ஏசிக்கொண்டிருந்தார். என் கையைத் தட்டிவிட்டுத் தானாகவே எழுந்து, சேலை மாற்றி முன்பள்ளிக்குப் போய்விட்டார்.

பின்னேரம் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். ஏதோ புதுமை கண்ட முகம்.

"இண்டைக்குப் பள்ளியில ஒரு குஞ்சுப்பிள்ளை முத்தத்தில விழுந்திட்டுது. நான் ஓடிப்போய்த் தூக்கி, 'நொந்ததோ குஞ்சு? எங்க நொந்தது? பாப்பம்' எண்டு கேட்டனான்."

"அதுக்கென்னக்கா?"

"அந்த வாய்தானே காலமை எனக்கு மூதேவி எண்டு சொன்னது? ரெண்டு பேரும் விழுந்ததுதானே. எனக்கு அது விளங்கேல்லையடி."

அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விடியவும் அதே ஏச்சு, அதே அவசரம். ஆனால் விழுந்தபோது இடது காலின் எஞ்சிய பகுதியில் ஓர் உரசல் காயம் ஏற்பட்டிருந்தது. அதை யாருக்கும் சொல்லாமல், தானும் பார்க்காமல், அதன் மேலேயே நாளாந்தம் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். காயம் புண்ணாகிச் சீழ் வைத்தது. காய்ச்சலில் நடுங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முழங்காலையும் எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் வைத்தியர். புண் முழுதாக ஆறும் வரை செயற்கைக் காலைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த அக்கா அறைத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார். அத்தானைக்கூட உள்ளே விடவில்லை. அத்தான் தேத்தண்ணீரை ஊற்றி வாசலில் வைத்துவிட்டு, "வச்சிருக்கிறன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். மருந்து கட்ட நான் மட்டும் போவேன். அப்போதும் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

புண் காயத் தொடங்கிய ஒரு காலைப்பொழுதில் நான் போனபோது உள்ளே சிரிப்புக் கேட்டது. திரையை விலக்கினேன். யன்னல் திறந்திருந்தது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து, எஞ்சிய காலின் அடிப்பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கட்டும்போது நான் எத்தனையோ முறை பார்த்த காலை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"இஞ்ச வாடி. பெருவிரல் கடிக்குது."

"எந்தப் பெருவிரல்?"

"இல்லாத பெருவிரல். எங்க சொறியிறது எண்டு தெரியாமச் சிரிக்கிறன்."

அந்த நேரம் தேத்தண்ணீரோடு வந்த அத்தான் என் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். அக்கா அவரைக் கண்டார். போர்வை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கை அதன் பக்கம் போனது, பிறகு நின்றது.

அத்தான் தேத்தண்ணீரை மேசையில் வைத்தார். அக்காவுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"எந்தப் பக்கம் கடிக்குது உமக்கு?"

"உள்பக்கம்."

பெருவிரல் இருந்திருக்கக்கூடிய இடத்தில் அத்தான் வெறுங்காற்றைச் சொறிந்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் மேல."

"இப்ப குறைஞ்சதோ?"

"குறையேல்லை" என்றார் அக்கா. சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. "ஆனாப் பரவாயில்லை. கொஞ்சம் சொறியுங்கோ."

அந்த நாளிலிருந்துதான் அக்காவின் விடியல் மாறத் தொடங்கியது. யாரும் அவருக்குத் திட்டம் வகுத்துக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் ஆமையைப் பார்த்தது போலத் தன்னைத் தானே பார்க்கத் தொடங்கினார், அவ்வளவுதான். கண் விழித்தவுடன் எழும்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பார். "எப்பிடி இருக்கிறாய் குஞ்சு? எங்க நோகுது?" என்று தன்னையே கேட்பார். முதலில் கேட்கவே வெட்கமாக இருந்தது என்றும், பதில் வந்தது ஆச்சரியமாக இருந்தது என்றும் சொன்னார். பிறகு விளக்கைப் போட்டு, கண்ணாடியில் காலைப் பார்த்து, இளஞ்சூட்டு நீரில் கழுவி ஒற்றித் துடைப்பார். கால் மாட்டாமலே ஊன்றுகோலோடு வெளியே வந்து, கதிரையில் உட்கார்ந்து இளவெயிலில் அதை உலரவிட்டு, பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணீர் குடிப்பார். அதன் பிறகுதான் காலுறை, செயற்கைக் கால், குசினி, வேலை எல்லாம்.

அந்தக் கதிரை முதலில் குசினிக்குப் பின்னால் கிடந்தது. யாரும் பார்க்க முடியாது. சில மாதங்களில் மாமரத்தடிக்கு வந்தது. பிறகு முன் முற்றத்துக்கு வந்து, கடைசியில் வீதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அத்தான் அதைச் சொன்ன இடத்திலெல்லாம் தூக்கி வைத்தார். அடுப்பு மூட்டுவதும் அவர் வேலையாயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மனிசன் அடுப்பு மூட்ட மனிசி வெயில் காயிறா" என்று கோயிலடியில் ஒரு மாமி சொன்னது அக்காவின் காதுக்கு வந்தது. அது அவரைச் சுட்டுவிட்டது. கொஞ்ச நாள் பழையபடி இருட்டில் கால் மாட்டி அடுப்படிக்கு ஓடினார். தோல் மறுபடி சிவந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்த அன்று கதிரையைத் திரும்ப முற்றத்தில் போடச் சொன்னார். அதே மாமி வீதியால் போகும்போது, "ஓம் மாமி, காயிறன். காயாட்டிப் புண் வரும். வாங்கோ, நீங்களும் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டார். மாமி வந்தார். பிறகு அடிக்கடி வந்தார்.

அக்கா இதில் ஒருநாளும் தவறவில்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார். பிந்தி எழும்பிய நாட்களில் பழைய சொல் வாயில் வந்துவிடும். "இண்டைக்கு வாய் தவறிட்டுது" என்று என்னிடம் சொல்வார். ஒருமுறை நான், "பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஏசினதுக்கும் ஏசத் தொடங்கினனான். பிறகு நிப்பாட்டிப் போட்டன். அதுக்கு முடிவில்லையடி."

முன்பள்ளிப் பிள்ளைகள் முன்பெல்லாம், "ரீச்சர், உங்கட கால் ஏன் டொக் டொக் எண்டு கேக்குது?" என்று கேட்டால், "அது சப்பாத்துச் சத்தம்" என்று கதையை மாற்றிவிடுவார். புண் ஆறித் திரும்பிப் போனபின் ஒருநாள், சேலையைக் கொஞ்சம் உயர்த்திச் செயற்கைக் காலைக் காட்டினார். பிள்ளைகள் பயப்படவில்லை. தட்டிப் பார்த்தார்கள். "இரவில அது எங்க படுக்கும்?" என்று ஒரு பிள்ளை. "அதுக்குக் காய்ச்சல் வருமோ?" என்று இன்னொரு பிள்ளை. இவற்றைச் சொல்லிச் சொல்லி அக்கா மகிழ்ந்தார். தன்னிடமே கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகள் முந்திக் கேட்டுவிட்டார்கள் என்றார்.

செயற்கைக் கால் திருத்தும் இடத்துக்குப் போகும்போது அங்கே காத்திருக்கும் பெண்களோடு கதைப்பார். அறிவுரை சொல்லமாட்டார். "காலமை எழும்பினதும் உங்களுக்கு நீங்கள் சொல்லுற முதல் சொல் என்ன?" என்று கேட்பார். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டார். பின்னர் அவரும் அக்காவும் தொலைபேசியில் நெடுநேரம் பேசும் சிநேகிதிகள் ஆனார்கள்.

பிறகு சிறுநீரக நோய் வந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். உடல் வீங்கி, செயற்கைக் கால் பொருந்தாமல் போனது. எங்களுக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அக்காதான், "அது கனகாலம் உழைச்சிட்டுது, லீவு விடுவம்" என்றார். கழுவித் துடைக்கும் வேலையை அத்தானும் நானும் எடுத்துக்கொண்டோம். எங்கள் கை அவசரப்பட்டால், "மெல்ல, அவவுக்கு நோகும்" என்பார், வேறு யாருக்கோ பரிந்து பேசுவது போல.

கடைசி நாளின் விடியலில் யன்னலைத் திறக்கச் சொன்னார். வெயில் கட்டிலில் விழுந்தது. அவர் கேட்கும் கேள்வியை அன்று நான் கேட்டேன்.

"எப்பிடி இருக்கிறியள் குஞ்சு?"

யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "களைப்பா இருக்கு. ஆனா இண்டைக்கு ஆரும் என்னை ஏசேல்லை."

மதியத்துக்கு முன், அத்தானின் கையைப் பிடித்தபடி எங்களை விட்டுப் பிரிந்தார்.

குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்தியபோது, வந்திருந்த பெரியவர்கள் செயற்கைக் காலை மாட்டிவிடச் சொன்னார்கள். சனம் பார்க்கப் போகிறது, குறையாக அனுப்பக்கூடாது என்றார்கள். அன்பினால் சொன்னது அது. நான் காலை எடுத்துவர எழுந்தேன். அத்தான் மறித்தார்.

"வேண்டாம். ஒரு குறையும் இல்லை. அவா இருந்த மாதிரியே இருக்கட்டும்."

நான் திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சவப்பெட்டியில் அக்காவின் சேலை இடப்பக்கம் தட்டையாகக் கிடந்தது.

இந்த ஓராண்டு நினைவு நாளில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவுக்கு மருத்துவம் பார்த்த வைத்தியர்களும் தாதியரும், நேரம் பாராமல் வாகனம் தந்த அயலவர்களும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த உறவினர்களும், முன்பள்ளிப் பெற்றோரும் எங்கள் நெஞ்சில் இருக்கிறார்கள். இன்னொரு நன்றி இந்த நினைவு மலரைக் கையில் வைத்து வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் உரியது. அன்று வரிசையாக வந்து பெட்டியருகே நின்றீர்கள். அக்கா எவ்வளவோ காலம் இருட்டுக்குள் மறைத்து வைத்திருந்ததைப் பகல் வெளிச்சத்தில் கண்டீர்கள். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. சிலர் குனிந்து அந்தக் காலையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனீர்கள். நானும் அத்தானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

— தங்கை