புல்வெளியில் ஒரு கோடு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அப்பா விழுந்த இடத்தைப் பார்க்க சசிரேகா வந்தாள். குன்னூருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் விருந்தினர் பங்களா. அதன் முன்னால் இருக்கும் கால் ஏக்கர் புல்வெளியை இருபத்தெட்டு வருடம் அப்பா காளிமுத்துதான் பார்த்துக்கொண்டார். வெயில் தாங்காத, குளிரில் தழைக்கும் புல். ஐப்பசியில் உரம் வைத்தால்தான் வேர் ஊன்றி மார்கழிப் பனியைத் தாங்கும். உரம் வீசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு மாரடைப்பு வந்தது.

புல்வெளியின் நடுவே குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. மேல்பாதி கரும்பச்சை. கீழ்ப்பாதி வெளிறியிருந்தது. அப்பா எதுவரை வந்தார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அம்மா போய் ஆறு வருடம். கோயம்புத்தூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சசிரேகாவுக்கு இனி இந்த மலையில் இருப்பது அந்தக் கோடு மட்டும்தான். உரம் போட்டால் அது மறைந்துவிடும். போடாவிட்டால் கீழ்ப்பாதியைப் பனி தின்றுவிடும்.

டேப்பை வைத்து அளந்தாள். கீழ்ச்சுவரிலிருந்து கோடு வரை இருபது மீட்டர் பத்து சென்டிமீட்டர். நோட்டில் குறித்தாள். பாதிப் பரப்புக்குப் பத்து கிலோ என்று கணக்கு வந்தது. உரக்கடைக்குப் போய் வாங்கி வந்து பையைப் பிரித்தாள்.

காவல்காரர் சுப்பண்ணன் அவள் கையைப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, உரம் போடறதுக்குக் கையுறையா? உங்கப்பன் பாத்திருந்தா ஒரு வாரத்துக்குச் சிரிச்சிருப்பான்."

"சிரிக்கட்டுங்க மாமா."

"அவன் மிச்சம் வெச்சது ஷெட்டுல கெடக்குது. அதைய உட்டுப்போட்டு புதுசு எதுக்கு?"

ஷெட்டிலிருந்து அதை எடுத்து வந்து எடை போட்டாள். ஐந்து கிலோ.

"மொத்தம் எவ்வளவு வாங்குனாருங்க?"

"எப்பவும் இருபதுதான். கூடவும் வாங்கமாட்டான், கொறையவும் வாங்கமாட்டான்."

மேல்பாதிக்குப் பத்து. மிச்சம் ஐந்து. இன்னொரு ஐந்து எங்கே?

"ரெண்டு தடவையாத்தான வீசுவான்," என்றார் சுப்பண்ணன். "மொதல்ல நீளவாக்குல, பூராத்துக்கும். அப்பறம் மேலிருந்து குறுக்கால. இல்லாட்டித் திட்டுத் திட்டா வந்துரும்னு எனக்கே பாடம் எடுப்பான்."

கீழ்ப்பாதியிலும் அப்பா ஒருமுறை நடந்து, அந்த ஐந்து கிலோவை வீசி முடித்திருந்தார். அவள் பத்து கிலோவையும் போட்டிருந்தால் புல் இளசாகக் கொழுத்து, முதல் பனியிலேயே கருகியிருக்கும்.

பையைக் கட்டி வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். அப்பாவின் ஐந்து கிலோவை, கோட்டில் தொடங்கிச் சுவர் வரை, குறுக்காக வீசினாள். மதியம் தூறல் விழுந்தது. பஸ் ஏறினாள்.

இரண்டு வாரம் கழித்து சுப்பண்ணன் போன் செய்தார்.

"ஒரே பச்சை அம்மிணி. கோடு எங்க இருந்துச்சுன்னே தெரியல."

"நல்லதுங்க மாமா."

போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். இருபது மீட்டர் பத்து சென்டிமீட்டர். அது எதன் அளவு என்று அன்றைக்கு எழுதாமல் விட்டிருந்தாள். இப்போதும் எழுதவில்லை.